கண் கூசாத வெளிச்சம்: ஒரு டென்மார்க் விளக்கின் கதை

டிசம்பர் மாதம் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் காலை எட்டரை மணிக்கு மேல்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தால் போதும், மூன்றே முக்காலுக்குள் மறைந்தே போய்விடும். பகல் என்பது மொத்தம் ஏழு மணி நேரம்தான். அதிலும் பாதி நாள் மேகமூட்டம்.

இப்படிப்பட்ட ஊரில் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவது, குடும்பம் சேர்ந்து சாப்பிடுவது, விருந்தாளியோடு பேசுவது, பாட்டி ஸ்வெட்டர் பின்னுவது எல்லாமே விளக்கு வெளிச்சத்தில்தான். அங்கே வீட்டு விளக்கு வெறும் அலங்காரப் பொருள் அல்ல. குளிர்காலம் முழுக்க அதுதான் சூரியன்.

அதனால்தானோ என்னவோ, உலகம் இன்றும் கொண்டாடும் விளக்குகள் பல அந்தச் சின்ன நாட்டிலிருந்து வந்தன. அவற்றில் முதலிடம் ஒரு மனிதருக்கு. பெயர் பௌல் ஹென்னிங்சன். டென்மார்க் மக்கள் சுருக்கமாக 'பி.ஹெச்.' என்பார்கள். வாழ்நாளில் பெரும்பகுதியை ஒரே ஒரு எரிச்சலை நீக்குவதற்காகச் செலவிட்டவர் அவர். அந்த எரிச்சல், பல்பு கண்ணில் குத்துவது!

டிராம் ஜன்னலில் தெரிந்த வீடுகள்

ஹென்னிங்சன் பிறந்தது 1894-ல், கோபன்ஹேகனை ஒட்டிய ஓர்த்ரூப்பில். அம்மா ஆக்னஸ் ஹென்னிங்சன் பேர் பெற்ற எழுத்தாளர். சிறுவயதில் அவர் பார்த்து வளர்ந்தது மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சம். மஞ்சளாக, மெதுவாக, பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் முகத்தில் மட்டும் படர்கிற வெளிச்சம்.

பிறகு மின்சாரம் வந்தது. வெளிச்சம் பல மடங்கு கூடியது. கரி இல்லை, புகை இல்லை, திரி கத்தரிக்கிற வேலை இல்லை. எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால், கூடவே ஒரு தொல்லையும் வந்தது. கண்ணாடிக் குமிழுக்குள் தகதகக்கும் கம்பியை நேரே பார்த்தால் கண் கூசியது. பார்வையைத் திருப்பினால் சுவரெல்லாம் கறுப்புப் புள்ளி மிதந்தது. கூரையின் நடுவில் ஒற்றை பல்பைத் தொங்கவிட்டால், மேசையில் வெளிச்சம் போதவில்லை. முகங்களிலோ கண்ணுக்குக் கீழும் மூக்குக்குக் கீழும் கரிய நிழல் விழுந்தது.

இரவு நேரத்தில் டிராம் வண்டியின் மேல்தட்டில் உட்கார்ந்து போனால், முதல் மாடி வீடுகளின் உள்ளே எல்லாம் தெரியும். அப்படிப் பார்க்கும்போது மனிதர்கள் எவ்வளவு சோர்வூட்டும் வெளிச்சத்தில் வாழ்கிறார்கள் என்று நினைத்து உடல் நடுங்குகிறது என்று ஹென்னிங்சன் 1920-களில் எழுதினார். நல்ல மேசை, நல்ல நாற்காலி, நல்ல கம்பளம் எல்லாம் வாங்கிப் போட்டாலும் விளக்கு தப்பான இடத்தில் இருந்தால் அத்தனையும் வீண் என்பது அவர் கட்சி. சரியாக விளக்கு மாட்டுவதற்குப் பணம் வேண்டாம், ரசனை இருந்தால் போதும் என்றும் வாதாடினார்.

கட்டடக்கலை படிக்கப் போனவர், பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். கட்டுரை எழுதினார், நாடகப் பாட்டு எழுதினார், பத்திரிகை நடத்தினார், வீடுகள் கட்டினார். இவ்வளவுக்கும் நடுவே விளக்கை மட்டும் விடவில்லை.

மூன்று ஷேடு, ஒரு நத்தை ஓடு

லூயி பௌல்சன் என்ற கோபன்ஹேகன் நிறுவனம் 1874-ல் ஒயின் இறக்குமதி செய்யும் கடையாகத் தொடங்கி, பிறகு மின்சாதனங்கள் பக்கம் திரும்பியது. 1924-ல் அந்த நிறுவனத்தோடு ஹென்னிங்சன் கைகோத்தார். மறு வருடமே பாரிஸில் நடந்த புகழ்பெற்ற அலங்காரக் கலைக் கண்காட்சியில் அவர் விளக்குக்குத் தங்கப்பதக்கம் கிடைத்தது. அடுத்து, கோபன்ஹேகனில் புதிதாக எழும்பிய 'ஃபோரம்' என்ற பெரிய கண்காட்சி அரங்குக்கு விளக்கு போடும் வேலை வந்தது. 1926-ல் அந்த அரங்கு திறக்கப்பட்டது. அதற்காக உருவானதுதான் பிற்காலத்தில் உலகம் சுற்றிய மூன்று ஷேடு விளக்கு.

பார்க்க எளிமையாக இருக்கும். மேலே ஒரு பெரிய ஷேடு, அதற்குக் கீழே நடுத்தரமாக ஒன்று, அடியில் சின்னதாக ஒன்று. கவிழ்த்துவைத்த மூன்று கிண்ணங்களை ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகத் தொங்கவிட்ட மாதிரி. ஆனால், அந்த வளைவுக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது.

நத்தை ஓட்டைப் பார்த்திருப்பீர்கள். நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி விரிந்துகொண்டே போகும். அதைப் போன்ற ஒரு வளைவுக்குக் கணிதத்தில் 'மடக்கைச் சுருள்' என்று பெயர். அதன் விசேஷம் இதுதான்: நடுப்புள்ளியிலிருந்து எந்தத் திசையில் கோடு போட்டாலும், அந்தக் கோடு சுருளின் வளைவை ஒரே கோணத்தில்தான் வெட்டும். ஹென்னிங்சன் அந்த நடுப்புள்ளியில் பல்பை வைத்தார். மூன்று ஷேடுகளையும் அந்தச் சுருளின் வளைவில் அமைத்தார். பல்பிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கதிரும் ஷேடின் மேல் ஒரே சாய்வில் போய் விழுகிறது. அதனால் வெளிச்சம் ஓரிடத்தில் கொட்டி, இன்னோரிடத்தில் வற்றிப்போகாமல், ஷேடு முழுக்கச் சீராகப் பரவுகிறது.

பலன் என்ன? வெளிச்சத்தில் பெரும்பங்கு கீழே மேசைக்கு வரும். கொஞ்சம் பக்கவாட்டில் போய் அறையின் இருட்டைத் தணிக்கும். நாற்காலியில் உட்கார்ந்து எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் பல்பு மட்டும் கண்ணில் படாது. வெளிச்சம் இருக்கும், அது எங்கிருந்து வருகிறது என்ற உறுத்தல் இருக்காது.

செம்பு, பித்தளை, பால்வெள்ளைக் கண்ணாடி என்று பல பொருள்களில் இந்த விளக்கு வந்தது. மேசையில் வைக்க ஒன்று, சுவரில் மாட்ட ஒன்று, டென்னிஸ் ஆடும் அரங்குக்கென்றே ஒன்று எனக் குடும்பம் பெருகியது. நவீனக் கட்டடக்கலையின் பெரிய பெயர்களில் ஒருவரான மீஸ் வான் டெர் ரோஹே, செக் நாட்டு பிர்னோ நகரில் 1930-ல் கட்டி முடித்த டூகென்தாட் மாளிகையிலும் இந்த விளக்கு இடம்பிடித்தது.

எல்லா இடமும் வெளிச்சமாக இருக்க வேண்டுமா?

ஹென்னிங்சனின் இன்னொரு கருத்து இன்னும் முக்கியமானது. அறை முழுக்க ஒரே அளவு வெளிச்சம் போடுவதை அவர் ஏற்கவில்லை. அப்படிப் போட்டால் எதற்கும் உருவம் தெரியாது, முகங்கள் தட்டையாகிவிடும் என்றார். நிழலும் வேண்டும், ஆனால் அது மென்மையாக இருக்க வேண்டும். வேலை நடக்கிற இடத்தில் கூடுதல் வெளிச்சம், மற்ற இடத்தில் குறைவு. அந்திப் பொழுதில் சூரிய வெளிச்சம் சிவந்து தணிவதுபோல, மாலை நேரத்து வீட்டு வெளிச்சமும் இதமாகத் தணிந்திருக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

சின்ன வயதில் பார்த்த மண்ணெண்ணெய் விளக்கின் இதத்தை மின்சார யுகத்துக்குள் கொண்டுவரப் பார்த்தார் என்றும் சொல்லலாம்.

போர்க்காலத்து விளக்கு

1940 ஏப்ரல் 9. ஜெர்மனியின் படைகள் டென்மார்க்குக்குள் புகுந்தன. நாடே ஆக்கிரமிப்பின் கீழ் வந்தது. இரவில் வானத்திலிருந்து பார்க்கும் விமானங்களுக்கு ஒரு பொட்டு வெளிச்சமும் தெரியக்கூடாது என்று இருட்டடிப்பு உத்தரவு.

கோபன்ஹேகனின் நடுவில் டிவோலி என்ற கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. 1843-ல் தொடங்கியது. ராட்டினம், இசை, நாடகம், ஐஸ்க்ரீம் என்று குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து போகும் இடம். இருட்டினால்தான் அங்கே களை கட்டும். இருட்டடிப்பு வந்தால்?

1941-ல் டிவோலியின் கட்டடக்கலைஞராகப் பொறுப்பேற்ற ஹென்னிங்சன், அதற்கென்று ஒரு விளக்கை வடிவமைத்தார். கீழே நடப்பவர்களுக்கு வழி தெரியும், மேலே பறப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. இத்தனை வருடங்களாகக் கண்ணிலிருந்து பல்பை மறைக்கக் கற்றுக்கொண்ட வித்தை, இப்போது வானத்திலிருந்து மறைக்க உதவியது. போருக்கு நடுவிலும் டிவோலி நள்ளிரவு வரை திறந்திருந்தது. அடக்குமுறைக்கு அடியில் வாழும் ஊருக்கு மாலையில் பிள்ளைகளோடு போக ஒரு பூங்கா இருந்ததென்றால், அது சின்ன விஷயமா?

ஆனால், அவராலேயே அந்த ஊரில் தொடர்ந்து இருக்க முடியவில்லை. நாஜிகளை எதிர்த்து எழுதியவர் அவர். 1943 அக்டோபரில் டென்மார்க்கில் இருந்த யூதர்களைப் பிடித்துக்கொண்டு போக நாஜிகள் வலை விரித்தார்கள். செய்தி முன்கூட்டியே கசிந்தது. ஊர் மக்கள் அவர்களை ஒளித்துவைத்துப் படகேற்றி விட்டார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கடலைக் கடந்து ஸ்வீடனுக்குத் தப்பினார்கள்.

அந்த நாட்களில் ஒரு சிறிய துடுப்புப் படகும் ஓரெசண்ட் நீரிணையைக் கடந்தது. அதில் ஹென்னிங்சனும் அவர் மனைவியும் இருந்தார்கள். கூடவே யூதக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இளைய கட்டடக்கலைஞரும் அவர் மனைவியும். அந்தக் கட்டடக்கலைஞரின் பெயர் ஆர்னே யாகோப்சன். பின்னாளில் 'முட்டை' நாற்காலி, 'அன்னம்' நாற்காலி என்று உலகமே பேசிய பொருள்களைச் செய்தவர் அவர்தான். அந்தப் படகு கவிழ்ந்திருந்தால் டென்மார்க் வடிவமைப்பின் வரலாறே வேறு மாதிரி இருந்திருக்கும். போர் முடிந்த பிறகு 1945-ல் இருவரும் நாடு திரும்பினார்கள்.

பல்பு கம்பெனிகளோடு ஒரு சண்டை

போருக்குப் பின் ஹென்னிங்சனுக்கு வேறு ஒரு தலைவலி. அவருடைய மூன்று ஷேடு விளக்கு, பல்பு சரியாக அந்த நடுப்புள்ளியில் இருந்தால்தான் வேலை செய்யும். பல்பு தயாரிப்பாளர்களோ பல்பின் வடிவத்தையும் அளவையும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். இன்று ஒரு நீளம், நாளை ஒரு பருமன். ஒவ்வொரு முறையும் அவர் கணக்கு கலைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர், கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். 'இவர்களை நம்பிப் பயனில்லை. எந்த பல்பைப் போட்டாலும் கண் கூசாத விளக்கைச் செய்துவிட வேண்டும்.'

அப்படி 1958-ல் பிறந்தது 'பி.ஹெச். 5'. மேல் ஷேடின் குறுக்களவு 50 சென்டிமீட்டர். அதிலிருந்து வந்ததுதான் பெயரில் உள்ள 5. உலோகத்தால் ஆன பல அடுக்குகள், பல்பைக் கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் முழுதாக மறைத்துவிடும். வெளியே வருவதெல்லாம் ஷேடுகளில் பட்டுத் தெறித்த வெளிச்சம்தான்.

உள்ளே குனிந்து பார்த்தால் இன்னொரு ஆச்சரியம். சில பாகங்களுக்குச் சிவப்பும் நீலமும் பூசியிருப்பார். அழகுக்காக அல்ல. மனிதக் கண், மஞ்சளும் பச்சையும் சேரும் இடத்து நிறங்களைத்தான் நன்றாக உணரும். சிவப்பு ஓரத்திலும் நீல ஓரத்திலும் அதன் உணர்வு குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட, விளக்கின் வெளிச்சத்தில் சிவப்பையும் நீலத்தையும் ஒரு சிட்டிகை கூட்டினார். சமையலில் உப்பு சரிபார்ப்பதுபோல வெளிச்சத்தில் நிறம் சரிபார்த்தார்.

பி.ஹெச். 5 சாப்பாட்டு மேசைக்கான விளக்கு. மேசைப் பலகைக்கு மேலே சுமார் 60 சென்டிமீட்டர் உயரத்தில் தாழ்வாகத் தொங்கவிடுவார்கள். தட்டில் இருக்கும் சோறும் தெரியும், எதிரில் இருப்பவரின் முகமும் தெரியும். இன்றும் டென்மார்க்கில் மாலை நேரத்தில் தெருவில் நடந்தால், வீடு தவறாமல் என்று சொல்லுமளவுக்கு இந்த விளக்கு ஜன்னல் வழியே கண்ணில் படும்.

அதே 1958-ல் கோபன்ஹேகன் துறைமுகத்தை ஒட்டிய லாங்கலினி உணவகத்துக்காக அவர் செய்தது 'ஆர்ட்டிசோக்' விளக்கு. ஆர்ட்டிசோக் என்பது இதழ் இதழாக அடுக்கிய மொட்டு மாதிரி இருக்கும் ஒரு காய். அதன் சாயலில் 12 வரிசைகளில் 72 செப்பு இதழ்கள். சுற்றி வந்து எந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாலும் பல்பு தெரியாது.

காகித மடிப்பில் ஒரு குடும்பத் தொழில்

டென்மார்க் விளக்கு என்றால் ஹென்னிங்சன் மட்டும்தானா? இல்லை. அவருக்கு முன்பே இதே தொல்லைக்குக் காகிதத்தால் தீர்வு கண்ட ஒரு குடும்பம் உண்டு.

பி.வி. யென்சன் கிளிண்ட் ஒரு கட்டடக்கலைஞர். கோபன்ஹேகனில் இருக்கும் பிரமாண்டமான குருண்ட்விக் தேவாலயத்தை வடிவமைத்தவர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தான் செய்த மண்ணெண்ணெய் விளக்குக்கு ஒரு மறைப்பு வேண்டும் என்று காகிதத்தை விசிறிபோல மடித்துப் பார்த்தார். அது வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. பிள்ளைகளும் மடிக்கக் கற்றுக்கொண்டார்கள். பல வருடங்கள் அது வீட்டளவில் நடந்த கைவேலையாகவே இருந்தது.

1943-ல் மகன் டாகே கிளிண்ட் அதை நிறுவனமாக்கினார். 'லே கிளிண்ட்' என்று தன் மகளின் பெயரையே வைத்தார். மறு வருடம் டாகேயின் சகோதரர் கோரே கிளிண்ட், பழம்போல உருண்ட ஒரு காகித விளக்கை வடிவமைத்தார். ஓடென்சே நகரில் அந்த ஷேடுகளை இன்றும் கையால்தான் மடிக்கிறார்கள்.

படகில் ஸ்வீடன் போன யாகோப்சன் சும்மா இருப்பாரா? கோபன்ஹேகனில் 1960-ல் திறந்த எஸ்.ஏ.எஸ். ராயல் ஹோட்டலை, கட்டடம் தொடங்கிச் சாப்பிடும் கரண்டி வரை அவரே வடிவமைத்தார். தலையைச் சாய்த்துக் கீழே பார்ப்பதுபோல் நிற்கும் அவருடைய 'ஏ.ஜே.' விளக்கு அந்த ஹோட்டலோடுதான் புகழ் பெற்றது. பின்னால், அவர் அலுவலகத்தில் வேலை பார்த்த வெர்னர் பாண்டன் 1971-ல் 'பாந்தெல்லா' என்று காளான் குடை மாதிரி ஒரு விளக்கைக் கொடுத்தார். வடிவங்கள் வேறு வேறு. எல்லாவற்றிலும் ஒரு விதி மட்டும் பொது: வெளிச்சம் தெரியட்டும், பல்பு தெரிய வேண்டாம்.

பல்பு போனது, விளக்கு நின்றது

ஹென்னிங்சன் 1967-ல் காலமானார். அவர் யாரோடு மல்லுக்கட்டினாரோ அந்தக் குண்டு பல்புக்கும் ஒருநாள் முடிவு வந்தது. மின்சாரத்தை விழுங்குகிறது என்று 2009 முதல் 2012-க்குள் ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுக் குண்டு பல்புகளைப் படிப்படியாகச் சந்தையிலிருந்து விலக்கியது. சி.எஃப்.எல். வந்தது, பிறகு எல்.இ.டி. வந்தது. பல்பின் வடிவமும் நிறமும் மொத்தமாக மாறிப்போயின.

பி.ஹெச். 5 மட்டும் அசையவில்லை. எந்த பல்பையும் நம்பாமல் செய்த விளக்கு என்பதால் எந்த பல்பு வந்தாலும் அது தாங்கியது. 1958-ல் மாட்டிய விளக்கில் இன்று எல்.இ.டி. பல்பைத் திருகினாலும் கண் கூசாது.

இதில் ஒரு வருத்தமும் உண்டு. சாதாரண மக்களின் வீட்டு வெளிச்சம் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அந்த மனிதர் வாதாடினார். இன்றோ அவர் விளக்குகள் விலை உயர்ந்த பொருள்களாகி, பெரிய ஹோட்டல்களிலும் வசதியானவர்கள் வீட்டிலும் அந்தஸ்தின் அடையாளமாகத் தொங்குகின்றன. விளக்கைத் தேடிப் போகிறவர்கள் பலர், அவர் சொன்ன விஷயத்தை விட்டுவிடுகிறார்கள்.

அந்த விஷயத்துக்கு இன்றும் விலை இல்லை. இன்று இரவு சாப்பிட உட்காரும்போது ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். உங்கள் இடத்தில் உட்கார்ந்து நேரே பாருங்கள். எரிகிற பல்பு கண்ணில் படுகிறதா? எதிரில் இருப்பவரின் கண்ணுக்குக் கீழே நிழல் விழுகிறதா? படுகிறது, விழுகிறது என்றால் விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தலாம், பக்கத்துக்கு நகர்த்தலாம், ஒரு ஷேடால் மறைக்கலாம். காகிதம், துணி போன்றவற்றை மட்டும் சூடாகும் பல்பை ஒட்டி வைக்காதீர்கள். அடுத்த முறை பல்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் கெல்வின் எண்ணைப் பாருங்கள். 6500 என்றால் நடுப்பகல் வெள்ளை. 2700 என்றால் அந்தி மஞ்சள். படிக்கும் மேசைக்கு எது, சாப்பிடும் மேசைக்கு எது என்று வீட்டில் எல்லோரையும் கேட்டு முடிவு செய்யலாம்.

விளக்கு நன்றாக இருக்கிறதா என்று விளக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதன் கீழே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.